கியர் பார்த்து எரியும் ஷிஃப்ட் லைட்: டிராக் காரில் சுவிட்ச் பொருத்தி வயர் இழுக்கும் முழு வழிகாட்டி

ஷிஃப்ட் லைட் என்பது எஞ்சின் குறித்த வேகத்தை எட்டியதும் 'கியர் மாற்று' என்று எரியும் விளக்கு. அதற்குத் தெரிந்தது ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று) மட்டும்தான். கார் எந்த கியரில் ஓடுகிறது என்பது அதற்குத் தெரியாது. நேர்பாதையில் இருவர் போட்டியிடும் டிராக் (drag) ரேஸில், இரண்டே கியர் (லோ, ஹை) உள்ள பவர்கிளைடு கியர்பாக்ஸ் போட்ட காரை எடுத்துக்கொள்ளுங்கள். லோவிலிருந்து ஹைக்கு 6800-ல் மாற்றுகிறீர்கள், அப்புறம் ஃபினிஷ் லைனைத் தாண்டும்போது ஹை கியரிலேயே எஞ்சின் 7200-ஐ எட்டிவிடுகிறது. மாற்ற இன்னொரு கியர் கிடையாது, ஆனால் லைட் எரிந்துகொண்டே இருக்கும், அதுவும் பக்கத்து லேன் கார் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று ஓரக்கண்ணால் பார்த்து பிரேக்கா ஆக்ஸிலரேட்டரா என்று முடிவெடுக்க வேண்டிய அந்தக் கடைசி நொடியில், கண்ணுக்கு நேராக.

மூன்று கியர் காரில் சிக்கல் வேறு மாதிரி. டர்போ 400 கியர்பாக்ஸின் விகிதங்கள் 2.48, 1.48, 1.00. முதல் கியரில் எஞ்சின் விறுவிறுவென ஏறும், இரண்டாவதில் அந்த வேகம் இருக்காது. லைட் எரிந்ததைக் கண் பார்த்து கை லீவரைத் தள்ளுவதற்கு 0.2 நொடி ஆகிறது என்று வையுங்கள். முதல் கியரில் எஞ்சின் நொடிக்கு 3000 ஆர்பிஎம் ஏறினால், அந்த இடைவெளியில் 600 கூடிவிடும். இரண்டாவதில் நொடிக்கு 1500 என்றால் 300 தான் கூடும். ஆக லைட்டை ஒரே ஆர்பிஎம்மில் வைத்துவிட்டு இரண்டு கியரையும் ஒரே இடத்தில் மாற்ற முடியாது.

இதற்காகவே கியருக்கு ஒரு ஆர்பிஎம் வைக்கக்கூடிய ஷிஃப்ட் லைட்கள் கிடைக்கின்றன. அவற்றில் பல, ஆர்பிஎம் திடீரென விழுந்தால் கியர் மாறிவிட்டது என்று தாங்களாகவே முடிவுகட்டி அடுத்த எண்ணுக்குத் தாவும். நல்ல ஓட்டத்தில் இது சரியாகத்தான் வேலை செய்யும். டயர் சுழன்று நீங்கள் ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பிடித்தால் ஆர்பிஎம் விழும், லைட் ஏமாந்துவிடும். பர்ன்அவுட்டில் (ஓட்டத்துக்கு முன் டயரைச் சுழற்றிச் சூடாக்கும்போது) கியர் மாற்றிவிட்டு மறுபடி லோவுக்கு வந்து ஸ்டேஜ் செய்யும்போதும் (ஸ்டார்ட் கோட்டில் நிறுத்தும்போதும்) அதன் கணக்கு ஒரு படி முன்னால் நிற்க வாய்ப்பிருக்கிறது. லீவர் எங்கே இருக்கிறது என்பதை நேரடியாகச் சொல்லும் சுவிட்சுக்கு இந்தக் குழப்பம் இல்லை, லீவரை லோவுக்கு இழுத்ததும் அதுவே பழைய நிலைக்கு வந்துவிடும்.

முதலில் ஒரு கேள்வி

ஒரு வயரைக்கூட வெட்டுவதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த வயர் அறுந்தால் என்ன ஆகும், பாடியில் உரசி ஷார்ட் ஆனால் என்ன ஆகும்? டிராக் காரில் இரண்டும் நடக்கும். அறுந்தாலும் ஷார்ட் ஆனாலும் லைட் எரிய வேண்டும். தேவையில்லாத நேரத்தில் எரியும் லைட் தொல்லை, அவ்வளவுதான். எரிய வேண்டிய நேரத்தில் எரியாத லைட்டை நம்பிக் காத்திருந்தால் எஞ்சின் ஓவர்ரெவ் ஆகும், அதாவது தாங்கும் அளவைத் தாண்டிச் சுழலும். கீழே நான் சொல்லும் இணைப்புகள் எல்லாம் இந்த ஒரு கணக்கில்தான் அமைந்திருக்கின்றன, அதனால் சில இடங்களில் வழக்கமாகப் போடுவதற்குத் தலைகீழாகத் தெரியலாம்.

வழக்கமாக எப்படிச் செய்வார்கள்? லோ கியரில் மூடியிருக்கும் சுவிட்ச் வழியாக லைட்டின் கரண்டை நேராக எடுத்துப் போவார்கள். எளிமைதான், ஆனால் ஷிஃப்டர் (கியர் லீவர் உள்ள பெட்டி) வரை போய்த் திரும்பும் அந்த வயரில் எங்கே அறுந்தாலும் லைட் செத்துவிடும்.

என்னென்ன வேண்டும்

ரோலர் லீவர் உள்ள மைக்ரோ சுவிட்ச் ஒன்று (மூன்று கியர் என்றால் இரண்டு), ஐந்து கால் கொண்ட சாதாரண 12 வோல்ட் கார் ரிலேயும் (காயிலுக்குச் சின்னக் கரண்ட் கொடுத்தால் வேறொரு இணைப்பை மாற்றும் சுவிட்ச்) அதன் சாக்கெட்டும், 1 ஆம்பியர், 3 ஆம்பியர் ஃபியூஸ்கள், 1என்4007 டயோடு, 18 அல்லது 20 கேஜ் வயர், ரப்பர் சீல் உள்ள கனெக்டர், உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் குழாய், மல்டிமீட்டர். வயரில் கஞ்சத்தனம் வேண்டாம். ஹெடர் (எக்ஸாஸ்ட் குழாய்கள்) பக்கமோ கியர்பாக்ஸ் பக்கமோ போவதானால் 150 டிகிரி செல்சியஸ் தாங்கும் டெஃப்செல் வயர் வாங்குங்கள், சாதாரண பிவிசி உறை அந்தச் சூட்டில் இளகிவிடும்.

மைக்ரோ சுவிட்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் தடுமாறுவது இங்கேதான். அதன் மேல் 15 ஆம்பியர் என்று அச்சடித்திருந்தால் அது பெரும்பாலும் ஏசி கரண்டுக்கான எண், பேட்டரி டிசியில் அது தாங்குவது அதைவிட வெகு குறைவு. ரிலே காயில் இழுப்பது 0.15 ஆம்பியர் அளவுதான் என்பதால் நமக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் சுவிட்சை ரிலேக்குக் கொடுக்காமல், லைட்டை இயக்கும் எலக்ட்ரானிக் கன்ட்ரோலரின் சிக்னல் காலுக்கு நேராகக் கொடுத்தால் கதை மாறும். அங்கே ஓடுவது சில மில்லிஆம்பியர்தான். வெள்ளி கான்டாக்ட் மேல் படியும் மெல்லிய படலத்தை உடைக்க அந்தக் கரண்ட் போதாது, சில மாதம் கழித்து சுவிட்ச் சில நேரம் பிடிக்கும், சில நேரம் பிடிக்காது. அந்த வேலைக்குத் தங்க முலாம் பூசிய கான்டாக்ட் உள்ள, 0.1 ஆம்பியர் வகை சுவிட்ச் வாங்க வேண்டும். பெரிய எண் போட்ட சுவிட்ச்தான் நல்லது என்ற நினைப்பு இங்கே எடுபடாது.

சுவிட்சுக்குப் பதில் இரும்பை உணரும் இண்டக்டிவ் சென்சாரும் போடலாம். 12 மி.மீ. மரை உள்ளவை சுலபமாகக் கிடைக்கும், தேய்மானமே இல்லை. மூன்று வயர் பிஎன்பி (அவுட்புட்டில் பாசிட்டிவ் தரும்) வகையில் பழுப்பு பாசிட்டிவ், நீலம் நெகட்டிவ், கறுப்பு அவுட்புட். பொதுவாக அந்த அவுட்புட் 200 மில்லிஆம்பியர் வரை தரும், 12 வோல்ட்டில் ரிலே காயிலுக்குப் போதும், ஆனால் பெரிய மிச்சம் இல்லை. 16 வோல்ட் பேட்டரி போட்ட காரில் காயில் இன்னும் கூடுதலாக இழுக்கும் என்பதால் அங்கே நான் மைக்ரோ சுவிட்சையே போடுவேன்.

சுவிட்சை எங்கே வைப்பது

இரண்டு இடம் உண்டு. கியர்பாக்ஸ் பக்கவாட்டில் உள்ள செலக்டர் கையில் வைத்தால் கியர்பாக்ஸின் உண்மையான நிலை தெரியும், கேபிள் தளர்ந்திருந்தாலும் பரவாயில்லை. ஆனால் சூடு, எண்ணெய், டயரிலிருந்து தெறிக்கும் ரப்பர் எல்லாம் அங்கேதான். ஷிஃப்டரில் வைத்தால் சுத்தம், கைக்கு எட்டும், இரண்டு ஓட்டத்துக்கு நடுவில் சரிபார்க்க முடியும். கேபிள் ஒழுங்காக இருக்கும் காரில் ஷிஃப்டர்தான் சரி. லென்கோ மாதிரி ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் தனி லீவர் உள்ள கியர்பாக்ஸில் யோசிக்கவே வேண்டாம், லீவருக்கு ஒரு சுவிட்ச்.

ஷிஃப்டரில் ஏற்கனவே இருக்கும் நியூட்ரல் சேஃப்டி சுவிட்சிலிருந்து (கியரில் இருக்கும்போது எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் தடுப்பது) வயர் பிரித்து எடுக்காதீர்கள். என்எச்ஆர்ஏ (அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பு) விதிப்படி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள காருக்கு அந்த சுவிட்சும் ரிவர்ஸ் லாக்அவுட்டும் (லீவர் தவறி ரிவர்ஸுக்குப் போகாமல் தடுக்கும் பூட்டு) கட்டாயம். நீங்கள் புதிதாக வைக்கும் தகடு லாக்அவுட்டின் அசைவைத் தடுக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ரோல் கேஜ் (கார் உருண்டாலும் டிரைவரைக் காக்கும் கூடு) குழாயில் துளை போட்டு எதையும் மாட்டக் கூடாது, கிளாம்ப் போட்டு மாட்டுங்கள். கியர்பாக்ஸ் ஷீல்டும் அப்படித்தான், அதைத் தொடவே வேண்டாம்.

பொருத்துவது

சுவிட்ச் அசையாத பக்கத்தில், அதைத் தள்ளும் கேம் லீவரில். மாற்றிச் செய்தால் ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் வயர் மடங்கி மடங்கி ஒருநாள் உள்ளேயே அறுந்துவிடும், வெளியே பார்த்தால் தெரியவும் தெரியாது.

3 மி.மீ. அலுமினியத் தகட்டில் பிராக்கெட் வெட்டி, துளைகளை நீளவாட்டில் இழுத்துவிடுங்கள், பின்னால் நகர்த்தி சரிசெய்யத் தேவைப்படும். 27.8 மி.மீ. நீளமுள்ள வழக்கமான மைக்ரோ சுவிட்சுக்கு இரண்டு எம்3 திருகு போதும். வலுவாக முறுக்கினால் பிளாஸ்டிக் உடல் நெளிந்து உள்ளே பட்டன் சிக்கிக்கொள்ளும், அதனால் மெதுவாக இறுக்கி லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விடுங்கள்.

கேமின் விளிம்பு சரிவாக இருக்க வேண்டும், ரோலர் அதன் மேல் ஏறிப் போகட்டும். செங்குத்தான முனை வந்து மோதினால் சுவிட்சின் சின்ன லீவர் வளைந்துவிடும். ஷிஃப்டர் லீவர் முழுதாகத் தள்ளப்பட்ட பிறகும் சுவிட்ச் பட்டனுக்கு உள்ளே போக இடம் மிச்சம் இருக்க வேண்டும். பதற்றத்தில் கை முழு பலத்தோடு லீவரை அடிக்கும், அந்த அடியைத் தாங்கவேண்டியது ஷிஃப்டரின் ஸ்டாப், உங்கள் சுவிட்ச் இல்லை.

எந்தப் புள்ளியில் சுவிட்ச் 'டிக்' என வேண்டும்? லோவிலிருந்து ஹைக்குப் போகும் பாதையில் மூன்றில் இரண்டு பங்கு தாண்டிய பிறகு. முன்னாலேயே வைத்தால் லீவரில் கை வைத்து லேசாக அழுத்தியதுமே லைட் அணைந்துவிடும், பலர் லீவர் மேல் கையை வைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறார்கள். ஹை கியரின் கடைசி நுனியில் வைத்தால் அதிர்வில் விட்டு விட்டுப் பிடிக்கும். மல்டிமீட்டரை பீப் ஒலி நிலையில் வைத்து லீவரை மெல்ல நகர்த்தி, ஒலிக்கும் இடத்தை மார்க்கரால் குறியுங்கள். திரும்பி வரும்போது அதே இடத்தில் நிற்காது, கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும். அது சுவிட்சின் இயல்பு, பழுது இல்லை.

ஷிஃப்ட் வரிசையையும் பாருங்கள். சாதாரண வால்வ் பாடியில் (கியர்பாக்ஸுக்குள் கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி) நியூட்ரலுக்குப் பக்கத்தில் இருப்பது டாப் கியர், வரிசை தலைகீழான ரிவர்ஸ் பேட்டர்னில் முதல் கியர். சாதாரண வரிசையில் கேம் அகலமாக இருந்தால் நியூட்ரலிலும் சுவிட்சை அமுக்கிக்கொண்டிருக்கும். பெரிய தீங்கில்லை, ஆனால் சோதனையில் குழப்பும்.

இரண்டு கியர் காருக்கு இணைப்பு

ரிலே கால்களின் எண்கள் எல்லா இடத்திலும் ஒன்றுதான்: 85, 86 காயில், 30 பொதுக்கால், 87 ரிலே இழுத்தால் சேர்வது, 87ஏ ரிலே சும்மா இருக்கும்போது சேர்ந்திருப்பது. நமக்கு வேண்டியது 87ஏ.

பாசிட்டிவை மாஸ்டர் கட்ஆஃபுக்கு (கார் முழுவதற்கும் கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) பிறகு, இக்னிஷன் சுவிட்ச் போட்டால் மட்டும் கரண்ட் வரும் இடத்திலிருந்து எடுங்கள். அதிலிருந்து 3 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 30-க்கு ஒரு வயர். 87ஏ-யிலிருந்து ஷிஃப்ட் லைட்டின் பாசிட்டிவுக்கு ஒரு வயர். இனி டிரிகர்: அதே பாசிட்டிவிலிருந்து தனியாக 1 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு மைக்ரோ சுவிட்சின் காம் (பொது) காலுக்கு, அதன் என்ஓ (அமுக்கினால் மட்டும் சேரும்) காலிலிருந்து திரும்பி ரிலேயின் 86-க்கு. 85 எர்த்துக்கு. டயோடை 85, 86 குறுக்கே போடுங்கள், வெள்ளிக் கோடு உள்ள முனை 86 பக்கம். ரிலேயிலேயே டயோடு உள்ளே இருந்தால் தனியாக வேண்டாம், ஆனால் 85-ஐயும் 86-ஐயும் மாற்றிக் கொடுத்துவிடக் கூடாது.

87 காலில் எதுவும் போடவில்லை, ஆனால் ஹை கியரில் அதில் பாசிட்டிவ் வந்து நிற்கும். சாக்கெட்டில் அந்த இடத்துப் பித்தளைக் காலையே கழற்றிவிடுங்கள்.

இப்போது அந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். ஷிஃப்டர் வயர் அறுந்தால் ரிலே இழுக்காது, லைட் எல்லாக் கியரிலும் எரியும். காம் பக்கத்து வயர் நசுங்கி பாடியில் பட்டால் 1 ஆம்பியர் ஃபியூஸ் போகும், அப்போதும் ரிலே இழுக்காது, லைட் எரியும். இரண்டு ஃபியூஸையும் பிரித்ததே இதற்காகத்தான். மாறாக சுவிட்சை எர்த் பக்கம் போட்டிருந்தால், நசுங்கிய வயர் ரிலேயை இழுத்துப் பிடித்துவிடும், லோ கியரில் லைட் வராது, ஃபியூஸும் போகாது, யாருக்கும் தெரியாது.

லைட்டின் பாசிட்டிவைத்தான் வெட்டச் சொன்னேன், எஞ்சின் ஆர்பிஎம்மை லைட்டுக்குச் சொல்லும் டேக் சிக்னல் வயரை அல்ல. சிக்னலை வெட்டினால் அந்தரத்தில் தொங்கும் வயர் ஆன்டெனாவாகி இக்னிஷன் இரைச்சலைப் பிடித்து லைட் கண்டபடி மின்னும். எர்த்தையும் வெட்டாதீர்கள், கரண்ட் சிக்னல் வயர் வழியாகத் திரும்ப வழி தேடும். கன்ட்ரோலரும் லைட்டும் தனித்தனியாக உள்ள செட் என்றால் கன்ட்ரோலருக்கு எப்போதும் கரண்ட் இருக்கட்டும், லைட்டுக்குப் போகும் பாசிட்டிவ் மட்டும் ரிலே வழியாகப் போகட்டும். எல்லாம் ஒரே கூட்டுக்குள் இருக்கும் வகையில், கரண்ட் இல்லாத யூனிட் டேக் சிக்னலைக் கீழே இழுத்துவிடலாம். ஹை கியரில் டேக்கோமீட்டர் முள் திடீரென்று தடுமாறினால் காரணம் இதுதான், அப்போது தனி லைட் உள்ள செட்டுக்கு மாறுவதே வழி.

மூன்று கியர் காருக்கு

கன்ட்ரோலரிலேயே கியர் தேர்வுக் கால் இருந்தால் அதன் கையேட்டில் சொல்லியபடி கொடுங்கள், தங்க கான்டாக்ட் சுவிட்சோடு. எர்த் கொடுத்தால் இரண்டாவது கியர் எண்ணுக்குத் தாவும் வகை என்றால் அந்த வயரைத் தடித்த ஸ்லீவுக்குள் விட்டு உரசாத பாதையில் கொண்டுபோங்கள், ஷார்ட் ஆனால் முதல் கியரிலேயே கூடுதல் ஆர்பிஎம் வந்துவிடும்.

அந்த வசதி இல்லையென்றால் இரண்டு ஆர்பிஎம் சுவிட்ச் பெட்டிகளை வைத்தே செய்யலாம். குறித்த ஆர்பிஎம்மில் எர்த் கொடுக்கும் வகை வேண்டும். முதல் பெட்டியில் முதல் கியருக்கான குறைந்த எண், இரண்டாவதில் கூடுதல் எண். இரண்டுக்கும் ஒரே டேக் சிக்னல். இங்கே போடுவது சிக்னல் வயர் இல்லாத தனி லைட், அதன் நெகட்டிவை ஒரு ரிலேயின் 30-ல் கொடுத்து, 87ஏ-யை முதல் பெட்டியின் அவுட்புட்டுக்கும் 87-ஐ இரண்டாவதின் அவுட்புட்டுக்கும் சேருங்கள். இரண்டாவது கியரில் அமுங்கும் மைக்ரோ சுவிட்ச் இந்த ரிலேயை இழுக்கும். மூன்றாவது கியருக்கு இன்னொரு சுவிட்ச், இன்னொரு ரிலே, மேலே சொன்ன அதே 87ஏ இணைப்பில் லைட்டின் பாசிட்டிவை வெட்டும். வயர் அறுந்தால் இரண்டாவது கியரில் லைட் சீக்கிரம் எரியும், நேரம் கொஞ்சம் போகும், எஞ்சின் பிழைக்கும்.

சிக்னல், எர்த், இரைச்சல்

எம்எஸ்டி நிறுவனத்தினுடையது மாதிரி சிடிஐ (கெப்பாசிட்டரில் சேர்த்த உயர் வோல்ட்டை காயிலுக்குள் செலுத்தும்) இக்னிஷன் பெட்டி இருந்தால் டேக் சிக்னலை அந்தப் பெட்டியின் டேக் அவுட்புட்டிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். காயில் நெகட்டிவில் சொருகிவிட்டீர்களானால் அங்கே பாயும் 400 வோல்ட்டுக்கு மேற்பட்ட துடிப்பு ஷிஃப்ட் லைட்டின் உள்ளே இருப்பதையெல்லாம் பொசுக்கிவிடும்.

சுவிட்ச் வயர்களை காயில் வயரிலிருந்தும் பிளக் வயரிலிருந்தும் தள்ளிக் கொண்டுபோங்கள், குறுக்கே கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். டேக் சிக்னலுக்கு ஷீல்டு வயர் போட்டால் ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். எர்த் எல்லாம் ஒரே புள்ளிக்கு வரட்டும், அந்தப் புள்ளியிலிருந்து தடித்த கேபிள் பேட்டரி நெகட்டிவுக்கு. ஃபைபர் பாடியில் திருகு முடுக்கி எர்த் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள், சொல்லி வைக்கிறேன்.

முனைகளை கிரிம்ப் செய்வதே போதும். சால்டர் உருகி இழைகளுக்குள் ஏறி வயரை விறைப்பாக்கும், விறைத்த பகுதி முடியும் இடத்தில் அதிர்வில் முறியும். ஷிஃப்டருக்குப் பக்கத்தில் கனெக்டர் வைத்தால் ஷிஃப்டரைக் கழற்றும்போது வயரை வெட்ட வேண்டியதில்லை. தகட்டைத் துளைத்துப் போகும் இடத்திலெல்லாம் ரப்பர் குரோமெட். ரிலேயின் கால்கள் கீழ்நோக்கி இருக்கட்டும், தண்ணீர் தேங்காது.

சோதனை

எஞ்சின் அணைந்திருக்க, இக்னிஷன் மட்டும் போட்டு லீவரை ஒவ்வொரு கியராக நகர்த்துங்கள். 87ஏ-யில் லோவில் பேட்டரி வோல்ட் வர வேண்டும், ஹையில் பூஜ்யம். ரிவர்ஸ், பார்க் எல்லாவற்றிலும் பாருங்கள். அப்புறம் வயரை அங்கங்கே பிடித்து ஆட்டிக்கொண்டே மீட்டரைக் கவனியுங்கள்.

அடுத்து எஞ்சினோடு. தூக்கி நிறுத்திய காரை ஹை கியரில் ஓட்டிப் பார்ப்பது தேவையற்ற ஆபத்து. லைட்டை 2500 ஆர்பிஎம்முக்குக் குறைத்து வைத்து, கார் நியூட்ரலில் இருக்க, ஒருவர் ஆக்ஸிலரேட்டரை மிதித்து லைட் எரிவதைப் பார்க்கட்டும். எரியும்போதே நீங்கள் மைக்ரோ சுவிட்சை விரலால் அமுக்குங்கள். அணைய வேண்டும், விட்டால் மறுபடி எரிய வேண்டும். கடைசியாக 1 ஆம்பியர் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு இதையே செய்யுங்கள், இப்போது அமுக்கினாலும் லைட் எரிந்துகொண்டே இருந்தால் இணைப்பு சரி. முடிந்ததும் ஃபியூஸைத் திருப்பிப் போட்டு 2500-ஐயும் மாற்றிவிடுங்கள், அதே எண்ணோடு ஸ்டேஜிங் லேனுக்குப் போய் நிற்க வேண்டாம்.

டேட்டா லாகர் (ஓட்டத்தின் அளவீடுகளைப் பதிவு செய்யும் கருவி) உள்ள காரில் 86-லிருந்து ஒரு வயரை அதன் சுவிட்ச் இன்புட்டுக்கும் கொடுங்கள், அந்த இன்புட் 12 வோல்ட் ஏற்குமா என்று பார்த்துவிட்டு. லீவர் நகர்ந்த நேரம் ஆர்பிஎம் கோட்டின் மேலேயே தெரியும். 7000-ல் மாற்ற நினைக்கிறீர்கள், லைட்டை 6900-ல் வைத்திருக்கிறீர்கள், லாகில் லீவர் 7250-ல் நகர்ந்திருக்கிறது என்றால் உங்கள் கை 350 எடுத்துக்கொள்கிறது, லைட்டை 6650-க்கு இறக்குங்கள். ஒரே ஒரு ஓட்டத்தை வைத்து மாற்ற வேண்டாம், டயர் சுழன்ற ஓட்டத்தை ஒதுக்கிவிட்டு நல்ல ஓட்டங்கள் சிலவற்றைப் பாருங்கள். இரண்டாவது கியருக்கு இதே கணக்கைத் தனியாகப் போடுங்கள், அங்கே அந்த 350 பெரும்பாலும் குறைந்திருக்கும்.